பவரும் சத்தியும்

திருச்சிற்றம்பலம்

சென்ற நவராத்திரி நாட்களுள் ஒன்றில், புதுக்கோட்டையை அடுத்துள்ள சிற்றூரொன்றில், சத்தியின் இயல்பு என்னும் பொருள்பற்றிப் பேசுமாறு அன்பர்கள் எம்மைப் பணித்திருந்தனர். பேச்சு முடிந்து யாம் புறப்படுங்கால், கல்லூரியிற் பயிலும் இளைஞரொருவர் அணுகி, "ஐயா, தாங்கள் கூறியவற்றைச் சுருக்கி ஆங்கிலத்தில் எழுதலாம் என்று எண்ணுகின்றேன். சத்தி என்னும் சொல்லுக்குப் பவர் என்று எழுதிவிட்டாற் போதுமல்லவா?" என்று வினவினார். யாமும் வண்டி காத்து நின்ற விரைவினால், "போதும், தம்பி, அப்படியே எழுதுங்கள்" என்று விடையிறுத்து வந்துவிட்டோம்.

வீடு வந்து சேர்ந்த பின்னர் அவ்விடை எம்மை உறங்கவிடவில்லை. ஒரு மொழியின் சொல்லை மற்றொரு மொழிக்குப் பெயர்த்தல், ஒரு கலத்துப் பாலை மற்றொரு கலத்திற்கு மாற்றுதல் போல்வது. புகுங்கலத்தில் முன்னரே புளி படிந்திருப்பின் பால் திரிந்துவிடும். பவர் என்னும் கலத்தில் முன்னரே படிந்திருப்பது யாது என்பதை ஆராயாமல் யாம் சத்தி என்னும் பாலை அதனுட் பெய்ய இசைந்தோம். அப்பிழைக்குக் கழுவாயாகவே இக்கட்டுரை எழுதப்படுகின்றது.

யாம் ஆங்கிலத்தை முறையாகப் பயின்றவரல்லோம். ஆசிரியரொருவர் திண்ணையில் அமர்ந்து இலக்கணமும் சாத்திரமும் பாடங்கேட்டவர் யாம். ஆயினும் ஆங்கிலத்தில் வல்ல நண்பர் ஒருவரை அடுத்து, அம்மொழியில் வலிமையைக் குறிக்கும் சொற்களின் வரலாற்றைக் கேட்டறிந்தோம். ‘ஸ்ட்ரெங்த்’, ‘மைட்’ என்னும் இரண்டும் அம்மொழிக்கே உரிய பழஞ்சொற்கள். அவற்றுள் ‘மைட்’ என்பது ‘இயலுதல்’ என்னும் பொருளுடைய வினையடியாகப் பிறந்தது. ‘எனர்ஜி’ கிரேக்க மொழியினின்றும் வந்தது. செயலின் உள்நிற்பது என்பது அதன் உறுப்புப்பொருள். ‘பவர்’ என்பதோ இலத்தீனிற் பிறந்து, பிரெஞ்சில் வளர்ந்து, 1066-ஆம் ஆண்டில் நார்மானியர் இங்கிலாந்தை வென்று ஆளத் தொடங்கியதன் பயனாக அந்நாட்டிற் குடியேறிய சொல். வென்றவர் நாவிலிருந்து தோற்றவர் செவிக்கு வந்த சொல் அது. எனினும் அதன் வேர்ப்பொருளும் ‘இயலுதல்’ என்பதேயாம்.

இனி, சத்தி என்னும் வடசொல்லோ ‘சக்’ என்னும் தாதுவின் அடியாகப் பிறந்தது. அத்தாதுவின் பொருளும் இயலுதல், வல்லனாதல் என்பனவே. ஆகவே வேரளவில் நோக்கின், எம் விடை பிழையுடையதன்று. மேலைநாட்டாருட் சிலரும் அவ்வாறே கொண்டனர். கல்கத்தா உயர்நீதிமன்றத்தில் நீதிபதியாயிருந்த சர் ஜான் உட்ரப் என்பவர், ஆர்தர் அவலோன் என்னும் புனைபெயரால் 1919-இல் வெளியிட்ட குண்டலினி பற்றிய நூலுக்குத் தலைப்பிட்டபோது, சத்தி என்பதற்குப் பவர் என்னும் சொல்லையே தேர்ந்தனர்.

ஆயின் ஒரு சொல்லின் பொருள் அதன் வேரில் மட்டும் உறைவதன்று, வழக்கிலும் உறைவது. ‘நாற்றம்’ என்னும் சொல் பண்டு நறுமணத்தைக் குறித்தது என்று வேர் காட்டி, இன்று ஒருவர் வீட்டு விருந்தை ‘நாற்றமுடையது’ என்று புகழ்ந்தால் என்னாகும்? ஆதலின் பவர் என்பதன் வழக்கை நோக்குவாம்.

இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் நகரையடுத்துச் சோஹோ என்னுமிடத்தில் மாத்யூ போல்டன் என்பவர் பெரியதோர் ஆலை நடத்தினார். நீராவிப் பொறியைத் திருத்திச் செம்மை செய்த ஜேம்ஸ் வாட் அவருடைய கூட்டாளி. 1776-ஆம் ஆண்டில் அவ்வாலையைக் காண வந்த பாஸ்வெல் என்னும் எழுத்தாளரிடம் போல்டன், உலகத்தார் அனைவரும் அவாவுகின்ற பவர் என்னும் பொருளையே தாம் விற்பதாகக் கூறினார் என்பது வரலாறு. நண்பர் இதனை எடுத்துரைத்தபோது யாம் திடுக்குற்றோம். நம்மவர் கோயிலில் வேண்டிநின்ற ஒன்று அங்கே கடைச்சரக்காயிற்று.

விற்பனைக்கு வந்த பொருளுக்கு அளவை வேண்டுமன்றோ? வாட் என்பவர் குதிரையைக் கொண்டு அளவை வகுத்தார். ஒரு நிமிடத்தில் 33,000 இராத்தல் எடையை ஓரடி உயரம் தூக்கும் அளவினது ஒரு குதிரைத்திறன் என்று அவர் கொண்டார். பின்னர் அறிஞர் கூடி வேறோர் அலகை ஏற்று, அதற்கு அவர் பெயரையே சூட்டினர். ஒரு குதிரைத்திறன் ஏறக்குறைய 746 வாட் ஆகும். இன்று நம் வீட்டு விளக்கிலும் நம் வயற்காட்டு மோட்டாரிலும் எழுதப்பட்டிருப்பன இவ்வளவைகளே.

இவ்வளவையை உற்றுநோக்குக. எத்துணை எடை, எத்துணை உயரம், எத்துணை நேரம் என்னும் மூன்று வினாக்களே இதன்கண் உள்ளன. எவர்பொருட்டு, எதன்பொருட்டு என்னும் வினாவிற்கு இங்கே இடமில்லை. கிணற்றுநீரை இறைத்துப் பயிரைக் காக்கும் பொறிக்கும், பீரங்கியை இழுத்துச் சென்று ஊரை அழிக்கும் பொறிக்கும் ஒரே கணக்குத்தான். பொறிநூலுக்கு இது குறையாகாது, பொறிக்கு இச்சையில்லை. ஆயின் இவ்வாறு ‘எதன்பொருட்டு’ என்னும் வினாவைக் களைந்துவிட்ட சொல், மீண்டும் மக்கள் வாழ்விற் புகுந்து, ஆட்சிக்கும் அரசுக்கும் குடும்பத்திற்கும் பள்ளிக்கும் உரியதாகும்போதுதான் தீங்கு விளைகின்றது. ‘அவருக்குப் பவர் இருக்கிறது’ என்று நம்மவர் கூறுங்கால், அவரால் எவர்க்கு நன்மையாயிற்று என்று எவரும் கேட்பதில்லை. அவர் எவரை அடக்கவல்லார் என்பதே கருத்தாகின்றது. ‘இயலுதல்’ என்னும் வேர்ப்பொருள் மறைந்து, ‘பிறரை இயலாதவராக்குதல்’ என்பது வழக்குப்பொருளாய் நிற்கின்றது.

குதிரை என்ற அளவில் எம் மாவட்டத்தார்க்குத் திருப்பெருந்துறை நினைவிற்கு வாராமற் போகாது. ஆவுடையார்கோயில் என்று இக்காலத்து வழங்கும் அத்தலத்திற்கே, பாண்டியன் அளித்த பெரும்பொருளுடன் குதிரை வாங்கப் புறப்பட்ட திருவாதவூரர் வந்து சேர்ந்தார். அரசனுக்கு வேண்டியது படைவலி. அக்காலத்துப் படைவலி என்பது குதிரைவலி. வாதவூரரோ குருந்தமரத்தடியிற் குருவைக் கண்டு, குதிரைக்கென வந்த பொருளைத் திருப்பணிக்கு ஆக்கினார். பின்னர் நரிகள் பரிகளாயின. இரவிற் பரிகள் நரிகளாயின. வலிமை என்று அரசன் கொண்டது ஓரிரவு நில்லாமற் போயிற்று.

அத்திருக்கோயிலின் அமைப்பும் நம் ஆராய்ச்சிக்குத் துணைசெய்வது. கருவறையில் இலிங்கத் திருவுருவம் இல்லை. சத்திபீடமாகிய ஆவுடையார் மட்டுமே உளது. அம்மை யோகாம்பிகையின் சந்நிதியில் திருவடிகளே வழிபடப்பெறுகின்றன. நிவேதனமோ புழுங்கலரிசிச் சோற்றினின்றும் எழும் ஆவி. கீரையும் பாகற்காயும் அதற்குத் துணை. மேலைநாட்டார் நீராவியைக் கலத்துள் அடைத்து வேலைவாங்கி அதன் வலியை அளந்தனர். இங்கோ சோற்றாவி தடையின்றி மேலெழுந்து ஆன்மநாதனைச் சாரச் சோறு உண்பார்க்கு எஞ்சுகின்றது. ஆவி என்னும் சொல் நம் மொழியில் உயிரையும் குறிக்கும் என்பதை நினைவார்க்கு இவ்வழிபாட்டின் குறிப்பு எளிதின் விளங்கும். நீராவியை அளந்தவரை யாம் இகழ்கின்றோமல்லோம். அளவையில் விடுபட்டது யாது என்பதையே சுட்டுகின்றோம்.

வாதவூரர் வரலாறு அவ்விடத்தே முடியவில்லை. வையை பெருகிற்று. வீட்டுக்கு ஓராளாகக் கரையடைக்க வேண்டுமென்று அரசன் ஆணையிட்டான். ஆளில்லாத முதியவளாகிய வந்திக்கு ஆளாக இறைவனே வந்தான். கூலியாகக் கொண்டது ஆவியில் வெந்த பிட்டு. மண்சுமந்தவன் வேலையிற் பிழைத்தான் என்று பாண்டியன் பிரம்பால் அடிக்க, அவ்வடி அடித்த அரசன்மேலும் பட்டது, அமைச்சர்மேலும் பட்டது, எல்லா உயிர்களின்மேலும் பட்டது. இவ்வரலாற்றில் பவர் உடையவன் யார்? வழக்கின்படி பிரம்பு பிடித்த பாண்டியனே. ஆயின் எல்லாம்வல்ல முதல்வனோ மெலியாளொருத்தியின் சுமையைத் தன் தலையிற் சுமந்தான், அடியையும் பொறுத்தான். சுமத்தலும் பொறுத்தலும் மெலியோர் செயல் என்பது உலகர் எண்ணம். அவ்வெண்ணத்தை இத்திருவிளையாடல் தலைகீழாக்குகின்றது.

நம் தமிழ்ச்சொல்லாகிய ‘ஆற்றல்’ இதனைத் தன்னுள் அடக்கிக்கொண்டுள்ளது. கடமை ஆற்றினான் என்புழி அது செய்தல். துயரை ஆற்றியிருந்தாள் என்புழி அது பொறுத்தல். பசி ஆற்றினான், புண்ணை ஆற்றினான் என்புழி அது தணித்தல். இவை ஒரே வேரினவோ அல்லவோ என்பது மொழிநூலார் ஆய்வுக்குரியது. வழக்கில் ஒருங்கு நிற்றலே எமக்கு வேண்டுவது. செய்யவல்லது மட்டுமன்றிப் பொறுக்கவல்லதும், பிறர்நோயைத் தணிக்கவல்லதும் ஆற்றல் என்று இம்மொழி கருதுகின்றது. திருவள்ளுவனாரும் ஈகை அதிகாரத்துள் 225-ஆம் குறளில், தவத்தோர் தம் பசியைப் பொறுத்துக்கொள்ளும் வலிமையை ஒப்புக்கொண்டு, பிறர் பசியைப் போக்குவாருடைய வலிமைக்கு அடுத்த நிலையிலேயே அதனை வைத்தனர். வலிமையை அளக்க அவர் கொண்ட துலாக்கோல் குதிரையன்று, பசித்த வயிறு.

அற்றேல், பவர் என்னும் சொல் முழுதும் கெட்டதோ எனின், அன்று. படியாத மக்கள் அச்சொல்லை எடுத்தாளும் இரண்டு இடங்களில் அது நற்பொருளில் நிற்கக் காண்கின்றோம். ஒன்று மூக்குக்கண்ணாடி, மற்றொன்று பவர் பத்திரம்.

கண் மருத்துவரிடம் சென்று மீளும் முதியோர், ‘பவர் ஏறிவிட்டது’ என்பர். கண்ணின் வலிமை ஏறிற்று என்பது இதன் பொருளன்று. கண்ணின் குறை மிகுந்தது, ஆதலின் கண்ணாடியின் வலிமையும் மிகவேண்டும் என்பதே. ஈண்டுப் பவர் என்பது மெலிந்த கண்ணின் குறையை நோக்கி அளக்கப்படுகின்றது. குறைக்கு மிஞ்சிய கண்ணாடியை அணிந்தால் பார்வை மயங்கித் தலைவலி உண்டாகும்; குறைக்குத் தாழ்ந்ததை அணிந்தால் எழுத்துத் தெரியாது. மேலும் கண்ணாடி தானாக ஒன்றையும் காண்பதில்லை; காண்பது கண்ணே. கண்ணைக் காணவைப்பதே கண்ணாடியின் வலிமைக்குப் பயன். தன்னையே காட்டும் கண்ணாடி அழுக்குப் படிந்த கண்ணாடியாகும்.

இனிப் பவர் பத்திரம். வெளிநாடு சென்றிருப்பவரோ நடமாட இயலாத முதியவரோ, தம் நிலத்தைக் காக்கவும் விற்கவும் வேறொருவருக்குப் ‘பவர் எழுதிக் கொடுத்தல்’ நம் ஊர்களில் நாளும் நிகழ்வது. இந்தியாவில் இதற்கென 1882-ஆம் ஆண்டிலேயே தனிச்சட்டம் உண்டாயிற்று. பவர் பெற்றவர் கையொப்பமிட்டால் அது செல்லும். ஆயின் நிலம் அவருடையதன்று. அவர் உடையவர்பொருட்டே செயல்படவேண்டும், கணக்கு ஒப்புவிக்கவேண்டும். எழுதிக் கொடுத்தவர் இறப்பின், பொதுவாக அப்பவரும் இறந்துபடும். ‘என் நிலம்’ என்று எண்ணித் தன் பெயருக்கு மாற்றிக்கொள்பவனை ஊரார் வஞ்சகன் என்பர். உடம்பும் கருவிகளும் உலகும் நுகர்ச்சிப் பொருளும் உயிர்க்கு இறைவன் கொடுத்தவை என்று சித்தாந்தம் கூறுமன்றோ? அவற்றைக்கொண்டு நாம் செய்வனவெல்லாம் பவர் பத்திரத்தின் மேற் செய்வன. அதனை மறந்து ‘யான் செய்தேன், எனது வலி’ என்று செருக்குதலே ஆணவத்தின் தொழில்.

இக்கருத்து எம் ஊர் வரலாற்றிலும் இல்லாமலில்லை. புதுக்கோட்டையை ஆண்ட தொண்டைமான் மன்னர்கள் திருக்கோகர்ணத்துப் பிரகதாம்பாளைத் தம் குலதெய்வமாகக் கொண்டு, தம்மைப் ‘பிரகதாம்பா தாஸ்’ என்று குறித்தனர். அவர்தம் அம்மன் காசில் ஒருபுறம் அம்மையின் திருவுருவம். மறுபுறம் தெலுங்கெழுத்தில் ‘விஜய’ என்னும் சொல். வெற்றி ஒருபுறமாயின் அதனை அளித்தவள் மறுபுறம். நவராத்திரியில் அரிசியோடு அக்காசு வழங்கப்பெற்றது. 1948-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 3-ஆம் நாள் அச்சமத்தானம் இந்திய நாட்டோடு இணைந்தது. அரசர் வாழ்ந்த அரண்மனையில் இன்று மாவட்ட ஆட்சியர் அலுவலகம் நடைபெறுகின்றது. எழுதிக் கொடுக்கப்பட்ட பவர் ஒருநாள் மீளப்பெறப்படும் என்பதற்கு வேறு சான்று வேண்டா. அம்மை மட்டும் திருக்கோகர்ணத்தில் அவ்வாறே வீற்றிருக்கின்றாள்.

இனிச் சித்தாந்தம் சத்தியை எவ்வாறு கூறுகின்றது என்று காண்பாம். முதல்வனுக்குச் சத்தியாவது அவனது அருட்குணமே என்றும், ஞாயிறும் கதிரும்போலச் சிவமும் சத்தியும் பிரிவின்றி நிற்கும் என்றும் சித்தாந்த ஆசிரியர் நிலைநாட்டினர். அருணந்தி சிவாசாரியாரின் சிவஞான சித்தியார் இதனை விரித்துரைக்கும். அவ்வருளே உயிர்கள்பால் இரங்குங்கால் இச்சை எனவும், அவற்றிற்கு ஆவதனை அறியுங்கால் ஞானம் எனவும், அதனைச் செய்யுங்கால் கிரியை எனவும் பெயர்பெறும். இம்மூன்றனுள் இச்சை முதலில் நிற்றலை உன்னுக. உயிர்கள்மேல் வைத்த இரக்கம் முந்திப் பின்னரே அறிவும் செயலும். போல்டன் விற்ற பவரில் செயல் உண்டு. வாட் அளந்ததில் அறிவு உண்டு. இரக்கம் என்னும் முதற்கூறு அவ்வலகினுள் அடங்காதது. இதுவே இரு சொற்களுக்கும் உள்ள வேற்றுமை.

அற்றேல், ஆணவமலத்திற்கும் சத்தி உண்டென்று நூல்கள் கூறுகின்றனவே. அறிவை மறைக்கும் ஆவாரகமும், உயிரைக் கீழ்நோக்கி ஈர்க்கும் அதோநியாமிகையும் சத்திகள் அல்லவோ. ஆகவே அருளில்லாத சத்தியும் உண்டென்பது பெறப்படுமே எனின், நன்று வினவினை. சத்தி என்னும் சொல் இயலுதல் என்னும் பொதுப்பொருளில் மலத்திற்கும் வழங்கும். அதனாலன்றோ யாம் அஞ்சுகின்றோம்! உயிர் சார்ந்ததன் வண்ணமாவது. அதன் இச்சையும் அறிவும் செயலும் மலத்தைச் சாரின் மலத்தின் சத்தியாய் நிற்கும். அருளைச் சாரின் அருட்சத்தியின் வழி நிற்கும். கைவலியும் சொல்வலியும் கல்விவலியும் தம்மளவில் ஒன்றே. சார்பினாலேயே அவை வேறுபடுகின்றன.

மற்றொரு தடை இதனினும் கடிது. இறைவனது திரோதான சத்தியும் உயிரை மறைத்து, வினையிற் செலுத்தி, இன்பதுன்பங்களை ஊட்டுகின்றது. அதனையும் அருள் என்று சித்தாந்தம் கூறுகின்றது. மறக்கருணை என்பது அதற்குப் பெயர். அங்ஙனமாயின் கொடுங்கோலனும், மனைவியை அடிக்கும் கணவனும், ‘எம் கொடுமையும் மறக்கருணையே, இவர் நன்மைக்காகவே அடக்குகின்றோம்’ என்று கூறித் தப்பிவிடலாமன்றோ எனின், அதற்கு விடை கூறுதும்.

திரோதானம் அருளாதற்கு மூன்று ஏதுக்கள் உள. இறைவன் குறைவிலா நிறைவினன். உயிரை அடக்குவதால் அவனுக்கு வரும் ஊதியம் ஒன்றுமில்லை. இஃது ஒன்று. அவன் ஒவ்வோருயிரின் மலபாகத்தையும் உள்ளவாறு அறிவான். கண்ணின் குறையறிந்து கண்ணாடி தருவார்போல மிகாமலும் குறையாமலும் ஊட்டுவான். இஃது இரண்டு. பக்குவம் வந்தவழி அச்சத்தி மறைத்தலை விட்டு, அருளலாய்ப் பதியும். சத்திநிபாதம் என்பது அதுவே. மறைப்பதற்காக மறைத்ததன்று, விளங்குதற்காகவே மறைத்தது என்பது அப்போது வெளியாகும். இஃது மூன்று. மனிதர்க்கோ முதலாவது அரிது, இரண்டாவது மிகவரிது, மூன்றாவதை மனமுவந்து செய்வார் சிலரே. அடக்குவதில் நமக்கு ஓர் இனிமை உண்டு. அடங்குவோன் உள்ளம் நமக்குத் தெரியாது. அவன் நிமிர்ந்து நின்றாலோ நாம் மகிழ்வதில்லை. ஆதலின் மறக்கருணை இறைவனுக்கே உரியது. மனிதர் அதனைத் தம் செயலுக்குப் பெயராகச் சூட்டிக்கொள்ளுதல் திருட்டு.

தண்டிக்கும் உரிமையே அரசனுக்கும் தாய்தந்தையர்க்கும் இல்லையோ எனின், உண்டு. பவர் பத்திரம் உடையவன் அதில் எழுதிய அளவு செய்யலாம். கணக்கு ஒப்புவிக்கும் அச்சத்தோடு செய்க என்பதே எம் கருத்து. அவ்வச்சத்தோடு செய்தார் ஒருவரை எம் மாவட்டமே ஈன்றளித்துள்ளது. கொடும்பாளூரை ஆண்ட இடங்கழி நாயனாரின் நெற்கொட்டாரத்தில் நள்ளிரவிற் புகுந்து நெல்லைக் கவர்ந்தார் ஒருவர். காவலர் பிடித்து அரசர்முன் நிறுத்தினர். களவு உண்மை, தண்டிக்கும் வலியும் உண்டு, சட்டமும் அரசர் பக்கம். ஆயினும் நாயனார் முதலில் ‘ஏன் செய்தாய்’ என்று வினவினார். சிவனடியார்க்கு அமுதளிக்க நெல் முட்டுப்பட்டமையாற் செய்தேன் என்று அவர் உரைத்தார். கேட்ட அரசர், தமக்குப் பண்டாரம் அவரே என்று கூறி, அடியார்கள் வேண்டுமளவு நெல்லும் பொருளும் கொண்டுசெல்க என்று பறையறைவித்தார் என்பது பெரியபுராணம் கூறும் வரலாறு. பாண்டியன் வினவாமல் அடித்தான், இடங்கழியார் வினவினார். இவ்வொரு வினாவே பவருக்கும் சத்திக்கும் இடைப்பட்ட எல்லை என்று யாம் துணிகின்றோம்.

இதனை யாம் ஏட்டிலிருந்து மட்டும் கற்றோமல்லோம். எமக்கு முப்பது வயதிற்கு மேற்பட்டிருந்த காலத்தில், இம்மாவட்டத்துப் பள்ளியொன்றில் தமிழாசிரியராயிருந்தோம். காலை முதற்பாடவேளையில் ஒரு மாணவன் நாள்தோறும் பாட்டு ஒப்பிக்கமாட்டாமல் விழிப்பான். அவன் சோம்பன் என்று முடிவுசெய்தோம். ஒருநாள் பிரம்பெடுத்து அடித்து, வகுப்பார் நகைக்குமாறு சிலவும் கூறினோம். வகுப்பு முழுவதும் அஞ்சி அடங்கிற்று. அவ்வடக்கத்தை எம் ஆற்றல் என்றே அன்று எண்ணி மகிழ்ந்தோம். இதனை மறைப்பதிற் பயனில்லை. மறுநாள் முதல் அவன் வரவில்லை. ஒரு கிழமை கழித்து அவன் பாட்டியாரை வழியிற் கண்டு வினவியபோது அம்மூதாட்டி சினவாமல், "வாத்தியாரய்யா, முதநாள் ராத்திரியும் அடுப்பெரியலைங்க, வெறும் வயித்தோட வந்த புள்ள அது" என்றார். பள்ளியில் நண்பகற்சோறு உண்டு. அதுவரை அவன் பசியை ஆற்றிக்கொண்டு அமர்ந்திருந்தான். அவ்வகுப்பில் ஆற்றலுடையவனாய் இருந்தவன் அவனே. திருக்குறளைப் பாடஞ்சொல்லிய யாம் அதனை அறியவில்லை.

அவனை மீண்டும் அழைத்துவர முயன்றோம். அவன் வெளியூருக்கு வேலைக்குச் சென்றுவிட்டான். அவன்மேற் பட்ட அடி எம்மேற் பட இத்துணை ஆண்டுகள் ஆயின. பிட்டுக்கு மண்சுமந்த வரலாற்றை அதன்பின் யாம் எங்குப் பேச நேர்ந்தாலும், பாண்டியனைக் குறைகூற எம் நா எழுவதில்லை. ‘ஏன்’ என்று ஒரு சொல் வினவியிருந்தால் போதுமே என்னும் எண்ணமே எழும்.

ஆகவே வலிமையை எய்தியவர் தம்மையே வினவிக்கொள்ளத் தக்கன மூன்று. இவ்வலிமை எவருடைய குறையை நோக்கி நிற்கின்றது? அக்குறையின் அளவை யாம் கேட்டறிந்தோமா? இதனால் மெலியவர் வலியராகின்றாரா, அன்றி என்றும் எம் கீழ் நிற்பாரா? ஆசிரியனது வலிமை மாணவன் ஆசிரியனாதலில் நிறைவுறும். தாயின் வலிமை குழவி தானே நடத்தலில் நிறைவுறும். அரசின் வலிமை குடிகள் அஞ்சாமல் வாழ்தலில் நிறைவுறும். தன்னால் தாங்கப்பட்டவர் தாமே நிற்கவல்லவராகக் கண்டு மகிழும் வலிமை அருளைச் சார்ந்தது. அதுகண்டு வெம்பும் வலிமை மலத்தைச் சார்ந்தது. இதனை அறிதற்குப் பெருநூற் பயிற்சி வேண்டா. தன்முன் நிற்பவர் முகத்தை நோக்கினால் அமையும்.

அவ்விளைஞர்க்கு இப்போது யாம் கூறும் திருந்திய விடை இது: தம்பி, பவர் என்றே எழுதுக; வேரால் அது சத்திக்கு உறவுடைய சொல்லே. ஆயின் அருளைக் குறிக்கும் சொல் ஒன்றையும் அதனை விட்டுப் பிரியாமல் உடன் எழுதுக. சிவத்தைவிட்டுச் சத்தியைப் பிரித்தெழுதுதல் எங்ஙனம் கூடாதோ, அங்ஙனமே அருளைவிட்டு வலிமையைப் பிரித்தெழுதுதலும் கூடாது. ஆங்கிலத்தில் அதற்கு ஏற்ற ஒற்றைச் சொல் கிடையாதாயின் இரண்டு சொற்களாகவே எழுதுக. மை சிறிது மிகுதியாகச் செலவாகும், அவ்வளவே. அவ்விரண்டனுள் ஒன்றைத்தான் எழுத இடமுண்டு என்று எவரேனும் கூறின், அருளையே எழுதுக. அருள் உள்ளவிடத்து ஆற்றல் தானே உளதாம்.

இக்கட்டுரை அவர் கண்ணிற் படுமாறு திருவருள் துணைசெய்க.

திருச்சிற்றம்பலம்